பதினொரு வேகன்களின் அழுக்கு

ஜூலை 12, சனி

இன்று பதினொரு வேகன்களைக் குளிப்பாட்டினேன்.

தரணியின் அறையில் ஜன்னலோரமாக ஒரு நீண்ட பலகை இருக்கிறது. அதன்மேல் தண்டவாளம், ஒரு சின்ன ஸ்டேஷன், ஓர் என்ஜின், பின்னால் பதினொரு சரக்கு வேகன்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். கல்யாணமான நாற்பதாம் நாள் அவர் ஓமனுக்கு, துறைமுகத்து கிரேன் வேலைக்குத் திரும்பிப் போனார். போகும்போது, "அந்தப் பலகையைத் தூசி தட்டாட்டியும் பரவால்ல" என்றார். எட்டு மாதமாகத் தட்டாமல்தான் இருந்தேன். இந்த மாதக் கடைசியில் லீவில் வருகிறார். வந்து அந்தக் கோலத்தில் பார்த்தால் வீட்டில் ஒருத்தி இருப்பதற்கு என்ன அர்த்தம்?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய டூத் பிரஷ். முதல் வேகனிலேயே தண்ணீர் ரசத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. சக்கரங்களுக்கு மேல் செம்மண், கூரையில் கரி, பக்கவாட்டில் ஒழுகிக் காய்ந்த கறை. ஏழாவது வேகனில் யாரோ குழந்தை கிறுக்கியது போல வெள்ளைக் கோடுகள் வேறு. அதற்கு மட்டும் இரண்டு தடவை சோப்பு.

கொல்லையில் துண்டு விரித்துக் காயவைத்தேன். வெயிலில் பதினொன்றும் இன்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல் நின்றன. அத்தை வந்து பார்த்துவிட்டு, "நல்லா வெளுத்துப்போச்சு கண்ணு" என்றார்.

போனில் சொல்லப்போவதில்லை. வந்து பார்க்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

தரணி பேசினார். ஒன்பது நிமிடம். சாப்பிட்டாயா, அம்மா மாத்திரை போட்டார்களா, அங்கே மழையா. மூன்றுக்கும் ஆம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. உடுமலையிலிருந்து அம்மா என்னை அழைத்துப்போக வந்தாள். தலை ஆடிக்குப் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டுமாம். "என்ற மவனே ஓமன்ல கெடக்கறான், யார யார்கிட்டயிருந்து பிரிக்கறது?" என்று அத்தை கேட்க, இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அம்மாவுக்கு நினைவு வந்தது, மாப்பிள்ளை இருபத்தொன்பதாம் தேதி வருகிறார் அல்லவா என்று. பிறகு சிரிப்பு இல்லை. இரண்டு அம்மாக்களும் காபி ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள். ஆவணி ஒன்றுக்கு வரட்டும்.

அவரும் மறுபேச்சில்லாமல் டிக்கெட்டை ஆகஸ்ட் பதினேழுக்கு மாற்றிவிட்டார். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் கையிருப்புச் சரிபார்ப்பு நடப்பதால் நானும் உடுமலை போகவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. படிக்க ஏழு புத்தகங்கள் இருக்கின்றன.

ஜூலை 21, திங்கள்

நூலகத்தில் பத்திரிகைகளை அடுக்கும்போது கண்ணில் பட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாள் மாதிரி ரயில் கண்காட்சி, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டப வாடகை பாதியாம். என் ரயில்காரரை நிறுத்தி வைத்த அதே ஆடி இவர்கள் ரயிலை ஓட்டுகிறது.

பன்னிரண்டாவதாக ஒரு வேகன் வாங்கி அவருக்குப் பரிசளிக்கலாம் என்று முடிவு. பேரம் பேச எனக்குத் தெரியும். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஒன்பது வருடப் பயிற்சி. வேண்டிய பொருளை முதல் சுற்றில் தொடவே கூடாது. இரண்டாம் சுற்றில் அதன் பக்கத்தில் இருப்பதற்கு விலை கேட்க வேண்டும். மூன்றாம் சுற்றில், போகிற போக்கில், "சரி, இதாவது எவ்வளவு?"

ஜூலை 26, சனி

மண்டப வாசலில் தெர்மாகோல் எழுத்துகளில் போன மாதத்து மணமக்கள் பெயர் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. மணமேடையில் பெரிய ரயில்பாதை. மலை, சுரங்கம், பாலம், ஒரே நேரத்தில் மூன்று வண்டிகள். கீழே பந்தி மேசைகளை வரிசையாகப் போட்டு விற்பனை. எல்லா மேசையிலும் ஆண்கள், எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு சின்ன டார்ச். ஒரே ஒரு மேசையில் மட்டும் முக்காடிட்ட ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம், பல் டாக்டரின் கொக்கியால் ஓர் என்ஜினின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார்.

முதல் சுற்றை விதிப்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முடித்தேன். இரண்டாம் சுற்றில் நம் வேகன் போலவே இரண்டு வேகன்கள் ஒரே மேசையில் கிடைத்தன. ஒன்று பளிச்சென்று புதிது, எழுநூறு ரூபாய். மற்றது கரியும் துருவுமாக, நாலாயிரம். பாவம், சீட்டு மாறிவிட்டது. பேசாமல் எழுநூறைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் மெதுவாக, "அண்ணா, விலைச்சீட்டு மாறியிருக்குது" என்றேன்.

"மாறலீங்க அம்மிணி" என்றார். "அழுக்குக்குத்தானுங்க காசு."

சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரும் மோசமாகச் சிரிக்கவில்லை. இதற்கு வெதரிங் என்று பெயர், வேண்டுமென்றே பூசுவது, ஒரு வேகனுக்கு ஒரு மாதம்கூட ஆகும் என்று அவர் விளக்கினார். கொக்கி வைத்திருந்த அந்தப் பெண், நிஜமாகவே பல் டாக்டராம், தன் மேசையிலிருந்தே, "அவங்களை இங்க அனுப்புங்க, நல்ல வெதரிங்னா என்னன்னு காட்டறேன்" என்றார். பெயர் ஹசீனா. போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

பதினொரு வேகன்கள், ஜன்னலோரப் பலகையில்.

"போன வருசம் முதல் பரிசு. போத்தனூர்ப் பையன், தரணின்னு. நாலு வருச வேலை. மேல வார்னிஷ் அடிடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அடிச்சா மண்ணு செத்துப்போயிரும்பான். தொட்டா கையோட வரும், ஆனா உயிரா இருக்கும்." படத்தை விரலால் பெரிதாக்கினார். "இந்த ஏழாவதைப் பாருங்க. இவங்கப்பா யார்டுல டிரெயின் எக்ஸாமினர். வண்டியைத் தட்டிப் பார்த்து, ஓடலாம்னா சாக்பீஸ்ல இப்படிக் குறி போடுவாங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப இந்த வேகனை எடுத்துட்டுப்போய், 'குறி போடுங்கப்பா'ன்னு குடுத்திருக்கான். அவரும் படுத்துக்கிட்டே போட்டாரு. அடுத்த வாரம் ஆளே இல்ல. நான் விலைக்குக் கேட்டேன், சிரிச்சான்."

இரண்டு கோடு, ஒரு தேதி, கீழே ஒரு சுழி. சுழியில் கை நடுங்கியிருப்பது படத்திலேயே தெரிந்தது.

நன்றாக இருக்கிறது என்றேன். நூலக அறிவிப்புப் பலகைக்கு என்று சொல்லி அந்தப் படத்தை அனுப்பச் சொன்னேன். நான் யார் என்று சொல்லவில்லை. பிறகு கை கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த மண்டபத்தில் பதினாறு குழாய்கள் இருக்கின்றன.

பழைய செப்புச் சிலைகளின் பச்சைக் களிம்பைத் துடைக்கவே கூடாது என்று படித்திருக்கிறேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன். "தட்டாட்டியும் பரவால்ல" என்று அவர் சொன்னது "தொடாதே" என்பதற்கான மரியாதையான வடிவம் என்று தெரிந்துகொள்ள அந்தப் படிப்பு உதவவில்லை.

இன்று எதுவும் வாங்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

யோசித்துப் பார்த்ததில் விஷயம் எளிது. புத்தம்புது வேகன்கள் பதினொன்று ஏற்கனவே என்னிடம் இருக்கின்றன. எனக்கு வேண்டியது அழுக்கு. அதைக் கற்றுக்கொள்ள உடைந்த வேகன்கள் வேண்டும், மலிவாக. இருபத்தொரு நாள் இருக்கிறது.

கண்காட்சி முடிய அரை மணி இருக்கும்போது போனேன். மூட்டை கட்டும் நேரத்தில் கடைக்காரர்கள் எதையும் திரும்பச் சுமக்க விரும்பமாட்டார்கள். நேற்றைய அண்ணனின் மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி: சக்கரம் போனது, கதவு போனது, கொக்கி போனது என்று பதினான்கு. ஆயிரத்தைந்நூறு என்றார். நான் பக்கத்தில் இருந்த சிக்னல் கம்பத்தின் விலையைக் கேட்டேன், அது அதிகம் என்றேன், திரும்பி நடந்தேன், திரும்பி வந்தேன். நானூற்றைம்பதுக்கு வந்தபோது பெட்டியின் மறுமுனையில் இன்னொரு கை இருந்தது. ஹசீனா.

"இது எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ்" என்றார். "உங்களுக்கு எதுக்கு உடைஞ்சது?"

"அழுக்காக்கிப் பழக."

"எதுக்குப் பழகணும்?"

பெட்டியை விடாமல் சொன்னேன், நான் தரணிதரனின் மனைவி, பெயர் நித்திலா, பதினொன்றையும் கழுவிவிட்டேன் என்று. சொன்னபோது குரல் சரியாகவே இருந்தது. அவர் என்னைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்கிட்டயும் இப்படி வருவாங்க" என்றார். "சுத்தமா இருக்கணும்னு தேச்சுத் தேச்சே எனாமலைக் கழட்டிக்கிட்டு." பெட்டியை விட்டுவிட்டார். "மண்ணு, கரி, துரு எல்லாம் சொல்லித் தந்துடறேன். அந்தச் சாக்பீஸ் குறியையும் பண்ணிரலாம். பல்லு நெறத்தையே மேட்ச் பண்றவ நான். போட்டோ இருக்கு. தரணிக்குத் தெரியவே தெரியாது."

சரி என்றேன். நானே போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

நானூறுக்கு முடித்தேன். உக்கடத்தில்கூட இப்படிப் படிந்ததில்லை.

ஜூலை 30, புதன்

பெட்டியிலிருந்து முதல் வேகன்: டீ டிகாக்ஷன் பூசினேன். முக்கி எடுத்த பிஸ்கட்போல இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

இரண்டாவது: செங்கல் பொடி. மூன்றாவது: விளக்குக் கரி. இரண்டும் அழுக்கான பொம்மைகள்போல இருக்கின்றன, அழுக்கான வேகன்போல இல்லை. ஹசீனாவுக்குப் படம் அனுப்பினேன். "வேகனுக்கு மேக்கப் போடாதீங்க. அது எங்கெங்க போயிட்டு வந்துச்சுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்று பதில் வந்தது. எனக்குப் பிடித்த மாதிரியான வேலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். தரணி பேசினார், பதினான்கு நிமிடம். இதுவரைக்கும் அதிகபட்சம். நடுவில், "ரூமெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "சுத்தமா இருக்குங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அத்தையிடம், மாமா வேலையிலிருந்து வரும்போது எப்படி இருப்பார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"சட்டையெல்லாம் கிரீசு, கையெல்லாம் சாக்பீசு" என்றார். "முப்பது வருசம் நான் தொவச்சதே அதத்தான் கண்ணு. ஒரு நாள்கூட அந்த மனுசன் வெள்ளையா வீட்டுக்கு வந்ததில்ல."

அத்தையும் துவைத்தார், நானும் துவைத்தேன். இதில் எனக்கு ஏதோ ஆறுதல் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அரை நாள் லீவு போட்டு இருகூர் யார்டுக்கு மேலே உள்ள பாலத்தில் நின்றேன். இரண்டு மணி நேரம், நான்கு சரக்கு வண்டிகள். தூறல். நோட்டில் பதினொரு பக்கம் குறிப்பு எடுத்தேன். கூரையில் கரி எங்கே தங்குகிறது, கதவுக்கடியில் சிமென்ட் எப்படிக் கட்டிப்போகிறது, சக்கரத்தை ஒட்டித் துரு எவ்வளவு உயரம். ஒரு போலீஸ்காரர் வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். "அழுக்கு, சார்" என்றேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பழகும் பெட்டியில் ஒன்பதாவது வேகன் சரியாக வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, ஹசீனா சொன்னது. "இதை எனக்கு விலைக்குத் தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கொடுக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று ஏழாவதை எடுத்தேன். அவருடைய ஏழாவதை.

வெள்ளைப் பென்சிலை ஊசி முனையாகச் சீவிக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கி எதிரில் நிறுத்தி, முதலில் தாளில் நாற்பது முறை. பிறகு வேகனில். இரண்டு கோடு, தேதி, சுழி. சுழியில் நடுக்கம் வேண்டும். என் கை நடுங்கவே இல்லை, அதனால் நடுக்கத்தை வரைய வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்தில் முடிந்தது. படத்தையும் வேகனையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஹசீனாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "மாஷா அல்லாஹ். அவங்கப்பாவே போட்ட மாதிரி இருக்கு."

அதைப் படித்தேன். ஈரத்துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன். இந்த முறை சோப்பு தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர் பேசுவதற்கு முன் நானே கூப்பிட்டேன்.

"உங்க வேகனையெல்லாம் நான் கழுவிட்டேங்க."

"எதை?"

"பதினொண்ணையும். சோப்பு போட்டு."

பின்னால் கிரேன் ஓசை கேட்டது.

"ஏழாவதையுமா?"

"அதைத்தான் ரெண்டு தடவை."

மாமா போட்ட குறி அது என்று அப்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரியும், அதைத் திரும்ப எழுதலாம் என்று எழுதியும் பார்த்தேன், அழித்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும், "சரி, வெச்சிடறேன்" என்றார்.

நான்கு நிமிடம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போன் வந்தது. அத்தைக்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

நூலகத்தில் சரிபார்ப்பு முடிந்தது. காணாமல்போன புத்தகங்கள் முப்பத்தொன்பது. அறிக்கையில் காரணம் எழுத ஒரு பத்தி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "தெரியவில்லை" என்றே எழுதினேன். தெரிந்த காரணத்தை எழுதுவது அதைவிடச் சுலபம் என்று இந்த வாரம்தான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அவருடைய பதினொன்றையும் சுத்தமாகவே என்ஜினுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். அவற்றில் நான் எதையும் பூசப்போவதில்லை. பெட்டியிலிருந்து தேறியதில் நல்ல ஒன்றை மட்டும், சக்கரம் மாற்றி, என்னுடையதாகப் பலகையின் ஓரத்தில் வைத்தேன். ஒளித்து வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காலை ஒன்பதரைக்கு வந்தார். இளைத்திருக்கிறார். அத்தைக்கு ஒரு ஸ்வெட்டர், எனக்கு ஒரு கைக்கடிகாரம், பேரீச்சம்பழம் மூன்று கிலோ. குளித்தார். இரண்டு இட்லி. பிறகு அந்த அறைக்குப் போனார்.

நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கினேன். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பீன்ஸ் நறுக்கியிருக்கிறேன் என்று அத்தை சொன்ன பிறகுதான் பார்த்தேன். கத்தியை வாங்கிக்கொண்டு, "போ கண்ணு, போய் நில்லு அங்க" என்றார்.

போய் நின்றேன். அவர் ஏழாவது வேகனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா போட்டது சாக்பீஸால், அது கீறித் தடம் விடாது. ஒன்றும் இல்லை. அதைத் தனியாக எடுத்து, புத்தக அலமாரியின் கண்ணாடிக்குள், மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சுத்தமான வேகன்.

"கோபமாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார். "ஒரு வாரமா." கண்ணாடியைச் சாத்தினார். "இப்பவும்தான்."

சரி என்றேன். அங்கிருந்து நகரவில்லை. அவர் பலகையைச் சுற்றி ஓரம் வரைக்கும் வந்தவர், நின்றார்.

"இது யாருது?"

"என்னுது."

எடுத்தார். கூரையைப் பார்த்தார், கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கதவிடுக்கில் அடித்துப் பார்த்தார். வெகுநேரம். பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

"துரு சரி. சிமென்ட்டும் சரி" என்றார். "மழைத் தண்ணி வடிஞ்ச கறையை ஏன் சாய்ச்சுப் போட்டிருக்கே? தண்ணி நேராத்தான கீழ வரும்?"

"நிக்கற வண்டியில நேரா வரும். இது ஓடற வண்டி. காத்து பின்னால தள்ளும்."

"கூட்ஸ் வண்டி ஓடற நேரத்தவிட நிக்கற நேரந்தான் ஜாஸ்தி. நிக்கறப்ப வடியறதுதான் கறையா நிக்கும்."

"காயறது ஓடறப்பதான?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் மரியாதையில்லாத வாக்கியம். எனக்கும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"இருகூர்ப் பாலத்துல ரெண்டு மணி நேரம் நனைஞ்சுக்கிட்டு நின்னு பார்த்தேன். நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கேன். நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க? ஓமன்ல கூட்ஸ் ஓடுதா?"

நோட்டைக் கொண்டுவா என்றார். கொண்டுவந்தேன். அவருடைய பழைய புகைப்படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, அவற்றை அவர் கொண்டுவந்தார். தரையில் பரப்பினோம். சாய்ந்த கறைக்குச் சாட்சியாக என் பக்கம் ஆறு வேகன்கள், நேர்க் கறைக்கு அவர் பக்கம் எட்டு. இரண்டை நான் ஏற்கவில்லை, அவை ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகள். அத்தை மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டார். நான்காம் தடவை வாசல்வரை வந்து, நாங்கள் போட்டுக்கொண்டிருந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போனார். சோறு ஆறிவிட்டது. பீன்ஸ் பொரியல் மட்டும் நிறைய இருந்தது.

முடிவு ஏற்படவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு இருகூர் யார்டுக்கு இருவரும் போகிறோம். தோற்றவர் மீதிப் பத்து வேகன்களையும் தனியாளாக அழுக்காக்க வேண்டும்.

மேற்கே மேகம் நன்றாகக் கட்டியிருக்கிறது. காற்றும் இருக்கிறது. என் பக்கம்தான்.